சோளக் கப்பில் ஒடியற்கூழ்

உறவினரை அழைத்து, காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியற்கூழைக் காய்ச்சிய அன்று, யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் வாங்கிய 50 'தாவரப் பிளாஸ்ரிக்' கப்புகளைப் பயன்படுத்திப் பார்த்தேன். கண்ணாடிபோலத் தெளிவும் நல்ல விறைப்பும் உடைய அவற்றில் தேசிக்காய்த் தண்ணீர் பரிமாறியபோது எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அடுப்பால் இறக்கிய கூழை ஊற்றியதும் கப்பின் இடுப்பு துவண்டு, பெரியம்மாவின் கையில் பாதி சரிந்துவிட்டது.

சோள மாவின் சர்க்கரையைப் புளிக்கவைத்து, தயிரில் இருக்கும் அதே லக்ரிக் அமிலத்தைப் பெற்று, அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யப்படும் பி.எல்.ஏ. எனும் இப்பொருள், ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சூடானவற்றுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை பொதியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, விற்றவர் வாய்திறக்கவில்லை. கூழுக்குப் பனையோலைப் பிளாவே போதும் என்று பெரியம்மா சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

எனது பெரிய மனத்தாங்கல், பொதியில் இருந்த 'மீள்சுழற்சி செய்யலாம்' என்ற வாசகம்தான். பி.எல்.ஏ.யை நீராற் பகுத்து மீண்டும் லக்ரிக் அமிலமாக்க முடியும் என்பது உண்மையே. ஆயினும் அதைத் தனியாகச் சேர்த்தால்தான் அது நடக்கும். கப்பின் அடியில், பிளாஸ்ரிக்கின் வகையைக் காட்டும் முக்கோணத்துள் 7 என்ற இலக்கம் இருக்கிறது. சோடாப் போத்தலில் இருப்பதோ 1. இரண்டிலும் ஒவ்வொரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன், இரண்டும் அடியில் தங்கின. போத்தல் மூடி மட்டும் மிதந்தது. கண்ணாலும் தண்ணீராலும் பிரிக்க முடியாத இதைப் போத்தல்களோடு கலந்தால், உருக்கும்போது அந்தப் பிளாஸ்ரிக்கும் தரம் கெடும். எங்கள் ஒழுங்கைக்கு வரும் பழைய போத்தல்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். பிரேசிலில் 2010 முதல் கரும்பு எத்தனோலிலிருந்து பெருமளவில் செய்யப்படும் பொலித்தீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அது வழமையான பொலித்தீனோடு சேர்ந்தே உருகும். அதேவேளை அது மண்ணில் மக்கவும் மாட்டாது.

இந்தச் சோளக் கப்பு மட்டும் மக்கிவிடுமா என்று முருங்கையடியில் ஒன்றைப் புதைத்து, நான்கு மாதம் கழித்துத் தோண்டினேன். கழுவியதும் அடியிலிருந்த 7 தெளிவாகத் தெரிந்தது. இது மக்குவதற்கு 60 பாகையை நெருங்கிய வெப்பம் வாரக்கணக்கில் நிற்கும் உரக்குவியல் வேண்டும். நம் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் நிலத்தடியில் அந்தச் சூடு வராது.

பாவித்த கப்புகளைத் திருப்பி எடுப்பீர்களா என்று கடையில் கேட்டேன். "நாங்கள் விக்கிறது மட்டும்தான், அண்ணை" என்றார். மிஞ்சிய 28 கப்புகளையும் சர்பத்துக்கு வைத்திருக்கிறேன்.