18-50 ஜூமா, 30-உம் 56-உமாக இரண்டு பிரைமா? ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராவுக்கான லென்ஸ் ஒப்பீடு

சோனி ஏ6400 போன்ற ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராவை (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராவை) வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதனுடன் வரும் 16-50 கிட் லென்ஸில் தொடங்குகிறார்கள். சில மாதங்களிலேயே வீட்டுக்குள்ளும் மாலை வெளிச்சத்திலும் எடுக்கும் படங்கள் புள்ளி புள்ளியாகவோ கலங்கியோ வருவதைக் கண்டு அடுத்த லென்ஸைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் எதிரெதிராக வந்து நிற்பவை பெரும்பாலும் சிக்மாவின் லென்ஸ்கள்தான்: ஒருபுறம் 2021-இல் வெளிவந்த 18-50 எஃப்/2.8 ஜூம், மறுபுறம் 2016-இல் வந்த 30 எஃப்/1.4, 2018-இல் வந்த 56 எஃப்/1.4 ஆகிய இரண்டு பிரைம்கள், அதாவது கோணத்தை மாற்ற முடியாத லென்ஸ்கள். 18, 50 போன்றவை மில்லிமீட்டரில் குவியத் தூரம்; அது கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும். எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் துளை பெரிதாகும். நான் 30-ஐச் சொந்தமாக வைத்திருந்தும், 56-ஐ நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தும், முடிவில் 18-50-ஐ வாங்கினேன். ஆகவே இந்த அலசல் ஜூமின் பக்கம் சாய்ந்தே இருக்கும். அந்தச் சாய்வுக்கான காரணம், பலரும் முதலில் எண்ணிப் பார்க்காத பராமரிப்பு.

விரைவில் முடித்துவிடக் கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூமின் எடை 290 கிராம். 30-இன் எடை 265 கிராம், 56-இன் எடை 280 கிராம். இரண்டும் சேர்ந்தால் 545 கிராம். அகலக் கோணமும் வேண்டுமென்று 16 எஃப்/1.4-ஐச் சேர்த்தால் மேலும் 405 கிராம் கூடும். விலையில், இரண்டு பிரைம்களின் கூட்டுத்தொகை ஜூமைத் தாண்டிவிடும். 30-ஐ மட்டும் வாங்குவதென்றால் மூன்றிலும் அதுவே மலிவு. கூர்மையில் 56 மற்ற இரண்டையும் விட ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் திரையில் பார்ப்பதற்கும் ஆல்பத்தில் அச்சிடுவதற்கும் மூன்றுமே தாராளமாகப் போதும் என்பதால், கூர்மையை வைத்து இந்த முடிவை எடுப்பதில் பயனில்லை.

பிரைமின் உண்மையான பலம் வெளிச்சம். எஃப்/1.4 துளை, எஃப்/2.8-ஐப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் 1/125 நொடியில் படமெடுக்க ஜூமுக்கு ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்; கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 தேவைப்பட்டால், பிரைமுக்கு 1600 போதும். இந்த இரண்டு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், தலைமுடியின் இழைகளிலும் கன்னத்தின் நிறத்திலும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இதை நான் எந்த வகையிலும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் எஃப்/1.4-ஐ எத்தனை படங்களில் உண்மையிலேயே பயன்படுத்த முடிகிறது என்று பார்க்க வேண்டும். 56-இல் எஃப்/1.4 வைத்து 2 மீட்டர் தொலைவில் நிற்பவரை எடுத்தால், ஃபோகஸில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் மட்டுமே. கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் காது மங்கத் தொடங்கும். 30-இல் அதே தொலைவில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கிடைக்கும். ஒருவருக்கு அது போதும், ஆனால் தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் பேரப்பிள்ளைகள் நின்றால் போதாது. ஆகவே இருவருக்கு மேல் சட்டகத்துக்குள் வந்தவுடன் பிரைமையும் எஃப்/2.8-க்கோ எஃப்/4-க்கோ குறைக்க வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் ஜூமுக்கும் பிரைமுக்கும் இடையிலான ஒளி வேறுபாடு மறைந்துவிடுகிறது. நண்பகல் வெயிலிலும் இதே நிலைதான். ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/1.4 வைத்தால் ஏறத்தாழ 1/12800 நொடி ஷட்டர் வேகம் தேவை. ஏ6400-இன் உச்ச வேகம் 1/4000. ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை மாட்டிக்கொண்டால் ஒழிய, வெயிலில் திறந்த துளைக்கு வழியில்லை. எஃப்/2.8 என்றால் 1/3200-இலேயே வேலை முடிந்துவிடும்.

கோண மாற்றத்தின் வசதியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு காட்சி போதும். கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கியது முதல் மூன்றாம் முடிச்சு விழும் வரை கிடைப்பது மிகக் குறைந்த நேரம். அதற்குள் அட்சதை தூவும் கூட்டத்தோடு மணவறை முழுவதையும் 18-இல் எடுத்து, அடுத்த கணமே வளையத்தைத் திருப்பி, மஞ்சள் கயிற்றைப் பற்றியிருக்கும் விரல்களை 50-இல் எடுத்துவிடலாம். பிரைம் வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும், அல்லது தோளில் இரண்டாவது கேமரா ஒன்று தொங்க வேண்டும்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் நேராகக் காற்றுக்கு முகம் காட்டுகிறது. பழைய டிஎஸ்எல்ஆர்களில் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் அதற்கு முன்னால் இருந்தன. சில புதிய மிரர்லெஸ் கேமராக்கள் அணைக்கும்போது ஷட்டரை மூடிக்கொள்கின்றன என்றாலும், ஏ6400-இல் அந்த வசதி இல்லை. அணைத்த நிலையிலும் ஷட்டர் திறந்தே இருக்கும். லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் வெறும் 18 மில்லிமீட்டர். தெருவிலோ கடற்கரையிலோ ஒவ்வொரு முறை லென்ஸை மாற்றும்போதும், தூசு உள்ளே போவதற்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

இந்தத் தூசு உடனே தெரிந்துவிட்டால் பரவாயில்லை. அது படிவது சென்சாரின் மேல் அல்ல, அதன் முன்னால் இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டின் மேல். எஃப்/1.4-இல் ஒளி பரந்த கூம்பாக வந்து விழுவதால், தூசியின் நிழல் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எஃப்/11, எஃப்/16 எனத் துளை சிறுக்கும்போது ஒளி குறுகலாக வருவதால், அதே தூசு வானத்தில் சாம்பல் நிறப் பொட்டாக விழுகிறது. எனவே பிரைமைத் திறந்த துளையில் மட்டுமே பயன்படுத்துபவருக்கு மாதக்கணக்கில் எதுவும் தெரியாமல் இருந்து, ஒரு நாள் கடலும் வானுமாக அகன்ற காட்சியை எஃப்/11-இல் எடுக்கும்போது பொட்டுகள் மொத்தமாக வெளிப்படும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் படமெடுப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உப்புக் காற்று, பனிக்கட்டியை உடைக்கும்போது தெறிக்கும் நீர், ஏலம் நடக்கும் இடத்தின் நெரிசல் ஆகியவற்றுக்கு நடுவே கேமராவின் வாயைத் திறந்து வைத்திருப்பதற்கே மனம் வராது. மாற்றாமல் இருந்துவிட்டாலோ, 56-ஐ மாட்டியிருந்தவருக்குப் படகு வரிசை முழுதாகக் கிடைக்காது. 30-ஐ மாட்டியிருந்தவருக்குக் கூடையைத் தலையில் ஏந்தி வரும் பெண்ணின் முகம் நெருக்கமாகக் கிடைக்காது.

தூசு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பொட்டு படத்தின் மேல் இடது மூலையில் தெரிந்தால், கேமராவை நம் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கும்போது தூசு கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டுமே மாறும், இடம் வலம் மாறாது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் எங்கே ஊத வேண்டும் என்ற குழப்பம் வராது. மெனுவில் உள்ள க்ளீனிங் மோடை இயக்கினால் சென்சார் ஒரு கணம் அதிர்ந்து தூசியை உதிர்க்கும். பிறகு கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, வாய்ப்பகுதியைத் தரை நோக்கிப் பிடித்தபடி ரப்பர் புளோயரால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாக்களில் உள்ள திரவம் கண்ணாடியில் படிந்துவிடும். இரண்டையும் அடியோடு தவிர்க்க வேண்டும். புளோயருக்கு அசையாத தூசிக்கு ஏபிஎஸ்-சி அளவிலான ஈர ஸ்வாப் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, பிறகு ஸ்வாபைத் திருப்பி எதிர்த்திசையில் இன்னொரு இழுப்பு, அவ்வளவுதான். கை பழகாதவர்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது. ஜூம் மாட்டிய நாளிலிருந்து இந்த வேலைகளுக்கான தேவை எனக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. லென்ஸைக் கழற்றுவதே அரிது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை.

பராமரிப்பின் இன்னொரு முகம் பூஞ்சை. சென்னை போன்ற கடலோர ஊரில், அதிலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், இருண்ட பையில் கிடக்கும் லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் படர வாய்ப்பு அதிகம். அப்படிப் படர்ந்த லென்ஸுக்குப் பழைய பொருள் சந்தையில் மதிப்பே இராது. நாள்தோறும் வெளிச்சத்தையும் காற்றையும் பார்க்கும் லென்ஸுக்கு இந்த ஆபத்து குறைவு. இரண்டு மூன்று லென்ஸ் வைத்திருப்பவர்களிடம் எப்போதும் ஒன்றாவது பைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் டிரை கேபினெட் வாங்கலாம். அந்தச் செலவையும் லென்ஸ் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் குறைந்த செலவில் ஓரளவு அதே வேலையைச் செய்யும், ஆனால் ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த மறக்கக் கூடாது.

ஜூமிலும் குறைகள் உண்டு. 18-இலிருந்து 50-க்குத் திருப்பும்போது குழல் நீள்வதால், அது காற்றை உள்ளிழுக்கும். எனினும் லென்ஸுக்குள் போகும் ஓரிரு தூசுகள் படத்தில் பொட்டாக விழுவதில்லை. சென்சாரின் முன்னால் விழுந்தவையே தெரிகின்றன. 18-இல் நேர்க்கோடுகள் புடைத்து வளைகின்றன, மூலைகளும் கருக்கின்றன. கேமராவின் லென்ஸ் காம்பென்சேஷனை ஆட்டோவில் விட்டால் ஜேபெக் படத்தில் இது சரியாகிவிடும். ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுப்பவர்கள் தங்கள் மென்பொருளில் அந்த லென்ஸுக்கான புரொஃபைலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய குறை, இந்த லென்ஸிலும் ஏ6400-இலும் அதிர்வைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் இல்லாதது. டாம்ரானின் 17-70 எஃப்/2.8-இல் அது உண்டு, ஆனால் அதன் எடை 525 கிராம். 403 கிராம் கேமராவின் முன்னால் அதை மாட்டினால் கை முன்பக்கமாகச் சாய்கிறது என்பதாலேயே நான் அதை ஒதுக்கினேன். கையில் பிடித்தபடி வீடியோ எடுப்பவர்கள் வேறு முடிவுக்கு வரக்கூடும். நான் வீடியோ எடுத்தது மிகக் குறைவு, அதனால் அவர்களுக்கு உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.

ஸ்டெபிலைசேஷன் இல்லாத இந்தக் கூட்டணியில் செட்டிங்ஸ் முக்கியமாகிறது. பகலில் நான் ஏ முறையில் (துளையை நாம் தேர்ந்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடுவது), ஐஎஸ்ஓ ஆட்டோவை 100 முதல் 6400 வரை என வரையறுத்து, அதன் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என நிறுத்திவைக்கிறேன். குழந்தைகள் ஓடும் இடத்தில் 1/250. கேமராவே குவியத் தூரத்தைப் பார்த்து வேகத்தைத் தேர்ந்துகொள்ளும் ஸ்டாண்டர்டு தேர்வு, அசையாத பொருளுக்குச் சரி. 18-இல் அது வேகத்தை மிகவும் இறக்கிவிடுவதால் மனிதர்களின் கைகள் கலங்கிவிடுகின்றன. மண்டபத்துக்குள் நுழைந்ததும் எம் முறைக்கு மாறி, எஃப்/2.8, 1/100 என்று இரண்டையும் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன; 1/100 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் அந்தச் சுழற்சி ஒன்று முழுதாக அடங்கி, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவது நிற்கிறது. எல்இடி அலங்காரத்தின் கீழ் சைலண்ட் ஷூட்டிங்கை (ஓசையற்ற மின்னணு ஷட்டரை) அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். ஃபோகஸ் ஏஎஃப்-சியிலும் (தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) டிராக்கிங்கிலும் (நகர்வதைப் பின்தொடர்வது) இருந்தால், முகத்தையும் கண்ணையும் கேமரா தானாகப் பற்றிக்கொள்ளும்.

பிரைம்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பது இரண்டு வகையினருக்கு. தனி ஒருவரின் முகத்தை, பின்புலம் முற்றிலும் கரைந்துபோகும்படி எடுப்பதே முதன்மை ஆசை என்றால் 56-க்கு இணையாக ஜூம் எதையும் தராது. இரவல் வாங்கிய சில நாட்களிலேயே அது தெளிவாகிவிட்டது. நெடுங்காலப் பயன்பாட்டில் அது எப்படி உழைக்கும் என்று சொல்லும் அனுபவம் மட்டும் எனக்கில்லை. இரண்டாவது வகையினர், மாலை நேரத்தில் வீட்டுக்குள்ளேயே குழந்தையை எடுப்பவர்கள். அவர்கள் 30-ஐ மட்டும் வாங்கி, அதைக் கேமராவிலிருந்து கழற்றாமலே வைத்திருந்தால், மேலே சொன்ன தூசுத் தொல்லையும் பூஞ்சைத் தொல்லையும் அவர்களுக்கும் அதே அளவு குறைந்துவிடும். நான்கு மடங்கு ஒளியும், மூன்றிலும் மலிவான விலையும் கூடுதல் ஆதாயம். 30-ஐ வாங்கிய பிறகு அகலக் கோணத்துக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்று பட்டியல் நீளத் தொடங்கினால், 56-க்குப் பணம் சேர்ப்பதற்கு முன் 18-50-ஐக் கடையில் ஒருமுறை தங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.