அம்பைத் தாங்கும் பனியன் வேஸ்ட் மூட்டை

மகள் வில்வித்தை வகுப்பில் சேர்ந்த நான்காவது மாதம், வீட்டிலும் தினமும் 100 அம்பாவது விட வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். வில்லும் அம்பும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. விடுகிற அம்பை வாங்கிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. மைதானத்தில் இருப்பது போன்ற ஃபோம் பட்ரஸுக்கு, அதாவது அம்பைப் பிடித்து நிறுத்தும் இலக்குத் திண்டுக்கு, விலை கேட்டேன். வண்டி வாடகையோடு சேர்த்தால் வில்லின் விலையில் பாதியைத் தாண்டியது. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினோம். மூன்று வருடத்தில் மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கிறோம்.

எங்கள் வீடு பல்லடம் பக்கம். பின்னால் தென்னந்தோப்பு இருப்பதால் 18 மீட்டர், அதாவது உள்ளரங்கப் போட்டியின் தூரம், தாராளமாகக் கிடைக்கிறது. மகளுடையது ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில். அதன் நாணை இழுக்க வேண்டிய விசை ஆரம்பத்தில் 20 பவுண்டு, இப்போது 30.

முதலில் செய்தது அட்டை இலக்கு. பனியன் கம்பெனிகளில் கழித்துப் போடும் அட்டைப்பெட்டிகளை வாங்கி, ஓரடி அகலம் இரண்டடி நீளத்துக்கு வெட்டி, இரண்டடி உயரத்துக்கு அடுக்கினோம். மேலும் கீழும் பலகை வைத்து, நான்கு மூலையிலும் த்ரெட் ராட் (மரை போட்ட கம்பி) கொடுத்து நட்டால் இறுக்கினோம். அட்டையின் தட்டையான முகம் நம்மைப் பார்க்கக் கூடாது, வெட்டிய விளிம்புதான் பார்க்க வேண்டும். அப்போதுதான் அம்பு இரண்டு அட்டைக்கு நடுவே நுழைந்து நிற்கும்.

இதைச் செய்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அம்பை நிறுத்துவது இலக்கின் கெட்டித்தன்மை இல்லை. அம்பின் தண்டைச் சுற்றி அது கொடுக்கும் பிடி. பலகையில் விட்டாலும் அம்பு நிற்கும், ஆனால் பிடுங்கும்போது முனை உள்ளேயே தங்கிவிடும், இல்லாவிட்டால் அம்பே தெறித்துத் திரும்பி வரும். இலவம்பஞ்சு மெத்தையில் விட்டால் பிடியே இல்லாமல் மறுபக்கம் போய்விடும். தெர்மோகோலில் உராயும் சூட்டுக்கு அது உருகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எந்தப் பொருளானாலும் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அட்டையில் அம்பு நேராக நிற்கும், எங்கே எப்படிப் பட்டது என்று தெளிவாகத் தெரியும். அந்த வகையில் எனக்கு இன்னும் அட்டைதான் பிடிக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் நடுப்பகுதி தளர்ந்துவிடும். நட்டை மறுபடி முடுக்கி, நடு அட்டைகளை எடுத்து அடியில் செருகி, அடி அட்டைகளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒருமுறை ஊருக்குப் போகும் அவசரத்தில் மண் தரையிலேயே வைத்துவிட்டுப் போனோம். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் அடியிலிருந்து கால்வாசி கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை ஐப்பசி மழை முடித்துவைத்தது.

அடுத்தது மாமனார் யோசனை. "வைக்கோல் பிரி திரிச்சு இறுக்கமாச் சுத்துனா நிக்குமுங்க மாப்பிள்ளை" என்றார். ஐரோப்பாவில் வட்ட வட்டமாக வைக்கோல் கயிற்றைச் சுற்றித் தைத்த இலக்குகளைப் படத்தில் பார்த்திருந்ததால் எனக்கும் நம்பிக்கை வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பிரி திரித்து, சுற்றிச் சுற்றிச் சணலால் தைத்துக் கொடுத்தார். 20 பவுண்டுக்கு அருமையாக நின்றது, அம்பைப் பிடுங்குவதும் சுலபம். ஆனால் அதற்குள் எலி குடிவந்துவிட்டது. வைக்கோலும் காய்ந்து நொறுங்கத் தொடங்கியது. அவர் உழைப்பை நினைத்து எட்டு மாதம் இழுத்துப் பிடித்தோம்.

இப்போது இருப்பது மூன்றாவது, பனியன் வேஸ்ட் மூட்டை. திருப்பூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. பனியன் வெட்டும்போது மிஞ்சும் துணித் துண்டுகளான கட்டிங் வேஸ்ட் 25 கிலோ, கிலோ 25 ரூபாய் என்று வாங்கினேன். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு, வெளியே பெரிய சணல் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கு மட்டும் போதும் என்று முதலில் விட்டதில், வெயில் பட்டு நான்கே மாதத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சணல் மேலே இருந்தால் உள்சாக்கு பிழைக்கிறது.

திணிப்பதில்தான் வேலை. கொஞ்சம் துணி போட்டு, ஏறி நின்று மிதித்து, மறுபடி போட்டு மிதிக்க வேண்டும். மூலைகளை உலக்கையால் குத்தினோம். போடும்போதே ஜிப், பட்டன், கொக்கி ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதில் பட்டால் முனை கெடும். நிரம்பியது போலத் தெரிந்தாலும் வாயைத் தைத்துவிடக் கூடாது. ஒரு வாரத்தில் துணி நாலு விரற்கடை இறங்கும், அப்போது மேலே இன்னும் கொஞ்சம் அடைத்துவிட்டுத் தைக்கலாம். எங்கள் மூட்டை மூன்றடி உயரம், ஓரடிக்கு மேல் கனம். 30 பவுண்டு வில்லின் அம்பு பாதி ஆழம்கூடப் போவதில்லை. வகுப்பில் உள்ள ஒரு பையன் காம்பவுண்ட் வில்லால் (நுனிகளில் சக்கரம் வைத்த, வேகம் கூடிய வில்) விட்டபோது முனை பின்பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த வகை வில்லுக்கு இரட்டிப்புக் கனம் வேண்டும்.

மூட்டையை மரத்தில் தொங்கவிடாதீர்கள், ஆடும். தரையிலும் வேண்டாம். நாங்கள் நான்கு ஹாலோ பிளாக் மேல் பலகை போட்டு நிறுத்தி, லேசாகப் பின்னால் சாய்த்திருக்கிறோம்.

ஒரே நடுவில் அடித்தால் எந்த இலக்கும் சீக்கிரம் ஓட்டையாகும். அதனால் ஐந்து சிறிய வட்டங்களைத் தனித்தனியாகக் குத்திவைக்கிறோம். அம்பு அம்பின்மேல் பட்டு உடைவதும் இதனால் குறைந்தது. ஆணிக்குப் பதில் ஈர்க்குச்சித் துண்டுதான் குத்துகிறோம், அம்பு பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாதம் ஒருமுறை மூட்டையைத் தலைகீழாக்குவோம், அடுத்த மாதம் முன்பின்னாகத் திருப்புவோம்.

இன்னொரு கணக்கு மகளுக்கு ரொம்ப உதவியது. ரிகர்வ் போட்டியில் 70 மீட்டருக்கு 122 செ.மீ. வட்டத்தாள். அது கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 18 மீட்டரில் 31 செ.மீ. வட்டமும் அவ்வளவுதான் தெரியும். அந்த அளவில் நாமே வரைந்து வைத்துக்கொள்ளலாம். நிறங்கள் உள்ளிருந்து மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. காற்றும் அம்பின் வளைவும் மைதானத்தில்தான் பழகும், பார்வை இங்கேயே பழகிவிடும். தினமும் முதல் 30 அம்பு தாளே இல்லாமல், ஐந்தே எட்டு வைக்கும் தூரத்தில் நின்று அம்பு விடுகிறாள். குறியைப் பற்றி நினைக்காமல் தோளையும் விரலையும் மட்டும் கவனிப்பதற்காக. அதற்கு இந்த மூட்டையைவிட நல்ல பட்ரஸ் தேவையே இல்லை.

அம்பு பிடுங்கும்போது ஒரு கையால் மூட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையால் தண்டை மூட்டையை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். பிடுங்குபவரின் முதுகுப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, அம்பின் பின்முனை கண்ணில் பட்டுவிடும். மூட்டைக்குப் பின்னால் எட்டடிச் சுவரும், சுவருக்கு முன்னால் தளர்வாகத் தொங்கும் நைலான் வலையும் இருக்கின்றன. தளர்வாக இருந்தால்தான் வலை அம்பை வாங்கும். வலை மட்டும் போதும் என்று யாரும் விட்டுவிடாதீர்கள். தோப்பில் தேங்காய் பொறுக்க ஆள் வரும் நாளில் வில்லையே வெளியில் எடுப்பதில்லை.

மூட்டைக்கு இதுவரை ஆன செலவு, இடையில் மாற்றிய இரண்டு வெளிச்சாக்குகளையும் சேர்த்து 1,100 ரூபாய். சென்ற வாரம் வலது ஓரத்தில் தையல் விட்டிருப்பதைப் பார்த்தேன். மழைக்கு முன் பிரித்து, துணியை வெயிலில் ஒருநாள் உலர்த்தி, இன்னும் ஐந்து கிலோ சேர்த்து அடைக்க வேண்டும். அடுத்த மாதம் மகள் 34 பவுண்டுக்கு மாறுகிறாள்.