மினிமெட் 780ஜி இன்சுலின் பம்ப்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

நீரிழிவு உள்ளவர் உடம்பில் மாட்டிக்கொள்ள, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் கருவி இது. மெட்ட்ரானிக் நிறுவனத்தின் இந்த பம்பின் அருமை இரவில்தான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தோலில் ஒட்டிய சென்சார் காட்டும் சர்க்கரை அளவைப் பார்த்து, பேசல் இன்சுலினை (நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் போகும் அடிப்படை அளவு) அதுவே கூட்டிக் குறைக்கிறது. அதுவும் போதாமல் சர்க்கரை டெசிலிட்டருக்கு 120 மி.கி.க்கு மேலேயே நின்றால், திருத்த போலஸையும் (ஏறிய சர்க்கரையை இறக்க ஒரே தடவையில் போகும் அளவு) கேட்காமலே கொடுத்துவிடுகிறது. ஸ்மார்ட்கார்ட் எனப்படும் இந்தத் தானியங்கி முறை முதல் நாளே ஓடாது. 48 மணி நேரம் மேனுவலில் ஓட்டி, உடம்புக்கு எவ்வளவு இன்சுலின் செலவாகிறது என்று பம்புக்குப் பழக்க வேண்டும். தினசரி மொத்த அளவு 8 யூனிட்டுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

தானியங்கி முறையில் நீங்கள் மாற்றக்கூடியவை சிலதான்: இலக்கு (100, 110 அல்லது 120), இன்சுலின் செயல்படும் நேரம் (2 முதல் 8 மணி), கார்ப் விகிதம் (எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின்), தானியங்கித் திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்பது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உடம்பில் இன்சுலின் நான்கு மணி நேரம் வேலை செய்கிறதே என்று செயல்படும் நேரத்தையும் 4 என்று வைத்துவிடுகிறார்கள். இந்த பம்பில் அந்த எண், திருத்த போலஸ் எவ்வளவு துணிச்சலாகப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 4 என்று வைத்தால் பம்ப் தயங்கித் தயங்கித்தான் கொடுக்கும். இலக்கு 100, நேரம் 2 மணி என்ற இணைதான் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர் மட்டும் மருத்துவரோடு பேசி இலக்கை உயர்த்தித் தொடங்கலாம்.

சாப்பாட்டுக்கு போலஸ் போடும் வேலை இன்னும் உங்களுடையதே. சாப்பிடுவதற்கு 10–15 நிமிடம் முன்பே கார்ப் கிராமைப் பதிவு செய்ய வேண்டும். மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து முழு அளவையும் போடுவது ஆபத்து. அதற்குள் பம்ப் தானாகவே திருத்தம் கொடுக்கத் தொடங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளும். சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காகச் சாப்பிடாத கார்பைப் பொய்யாகப் பதிவு செய்வதும் இதே கணக்கைத்தான் குழப்பும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கு போலஸை நீட்டிக் கொடுக்கும் வசதி தானியங்கி முறையில் இல்லை. இது உண்மையான குறை.

தாழ்சர்க்கரைக்கு வழக்கமான 15 கிராம் குளுக்கோஸ் பல நேரம் அதிகமாகிவிடும். பம்ப் ஏற்கெனவே பேசலை நிறுத்தியிருக்கும் என்பதால் லேசான தாழ்வுக்கு 5–10 கிராம் குளுக்கோஸ் போதும். அதை பம்பில் பதிவு செய்யக் கூடாது. உடற்பயிற்சிக்கு 150 என்ற தற்காலிக இலக்கு உண்டு. பயிற்சியைத் தொடங்கும்போது அல்ல, ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அதைப் போட வேண்டும்.

இனி, இந்த பம்பின் பலவீனமான கண்ணி: தோலுக்கடியில் பதியும் கேனுலா என்ற மெல்லிய குழாய். அடைப்பு அலாரம் அழுத்தத்தை வைத்துத்தான் அடிக்கிறது. கேனுலா நழுவி வெளியே வந்து, இன்சுலின் ஒட்டுப்பட்டையில் கசிந்தால் அழுத்தம் ஏறாது, அலாரமும் வராது. பம்ப் பயனர் உடம்பில் நீண்டநேர இன்சுலின் இருப்பு இல்லை. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு எரிந்து உண்டாகும் அமிலம்) சேரத் தொடங்கும். சர்க்கரை 250-க்கு மேல் போய் திருத்தத்துக்கும் இறங்காவிட்டால் ரத்தக் கீட்டோனைப் பாருங்கள். அது லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் பம்பை நம்பாமல் பேனாவிலோ சிரிஞ்சிலோ திருத்த அளவைப் போட்டு, பிறகு செட்டை (கேனுலாவும் டியூபும் சேர்ந்தது) முழுசாக மாற்ற வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் மருத்துவக் குழுவை அழையுங்கள். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி தொடங்கினாலோ நேராக மருத்துவமனை.

நீட்டிக்கப்பட்ட இன்ஃப்யூஷன் செட் ஏழு நாள் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயர் 300 யூனிட் என்பதால், டியூப் நிரப்பும் அளவையும் கழித்தால் தினம் 40 யூனிட்டுக்கு மேல் செலவாகிறவருக்கு நடுவில் ஒருமுறை ரிசர்வாயர் மாற்ற வேண்டிவரும். இன்சுலினை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ஏற்றுங்கள். குளிர்ந்ததை ஏற்றினால் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும். டியூப் நிரப்பும்போது செட் உடம்பில் இணைந்திருக்கவே கூடாது. அத்தனை யூனிட்டும் உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். தடித்துப்போன தோலில் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது.

பம்போடு இணையும் கார்டியன் 4 சென்சார் ஏழு நாள் ஓடும், மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் சூடேற வேண்டும், அளவை பம்புக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைச் சார்ஜும் செய்ய வேண்டும். சற்று எரிச்சலான வேலைதான். அதைவிட முக்கியமான எச்சரிக்கை பாராசிட்டமால் பற்றியது. அது இந்த சென்சாரில் சர்க்கரையை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பம்ப் அதை நம்பித் தேவைக்கு மேல் இன்சுலின் கொடுக்கும். காய்ச்சலுக்கு அந்த மாத்திரை போட்டுக்கொண்டால் எவ்வளவு நேரம் மேனுவலில் ஓட்டி விரல்நுனி ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளுக்குள் பம்பும் சென்சாரும் போகக் கூடாது. கைப்பேசிச் செயலி அளவைக் காட்டுவதோடு சரி, போலஸ் போட பம்பைத்தான் எடுக்க வேண்டும். வெளியே கிளம்பும்போது ஒரு ஏஏ பேட்டரி, ஒரு முழு செட், கீட்டோன் பட்டைகள், விரைவாக வேலை செய்யும் இன்சுலின் பேனா ஆகிய நான்கும் பையில் இருக்க வேண்டும்.