மட்கும் ஜெல் உரம்: மூன்று வருடம் தொட்டியில் போட்டுப் பார்த்ததில்

தொட்டிக்குப் போடும் யூரியா தண்ணீரோடு அடித்துளை வழியாக ஓடிவிடுகிறதே என்ற எரிச்சலில்தான் இதை வாங்கினேன். செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருளில் செய்த, நீரை உறிஞ்சி ஊதும் குருணை. உள்ளே யூரியா ஏற்றியது.

முதல் வருடம் சொதப்பல். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் பொட்டாஷையும் கரைத்து ஊறவைத்தேன். கடுகு அளவில் இருந்தது மிளகு அளவோடு நின்றுவிட்டது. சரி, ஏமாந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் வெறும் மழைத்தண்ணீரில் போட்டால், ஊறிய ஜவ்வரிசி போலப் பொங்கிவிட்டது! ஜெல்லின் இழைகளில் இருக்கும் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது விரிகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் அந்தத் தள்ளுவிசை குறையும். கால்சியமும் மக்னீசியமும் இழைகளைச் சேர்த்துக் கட்டியே போட்டுவிடும். யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் தொல்லை இல்லை. இப்போது மழைத்தண்ணீரில் ஊறவைக்கிறேன். பொட்டாஷும் ஒரு உப்புதான் என்பதால் அதைத் தனியாக மேலுரமாகத் தருகிறேன்.

கோடையில் தக்காளிக்குத் தினமும் ஊற்றியது, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. இது உண்மையான லாபம். ஆனால் ஆசைப்பட்டு அள்ளிப் போட்ட மிளகாய்த் தொட்டியில் மண் புளித்த மாவு மாதிரி எழும்பியது. மழைக்காலத்தில் ஈரம் வடியாமல் வேரும் அழுகியது.

மெதுவாக உரம் விடும் என்பதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஈரமான ஜெல்லிலிருந்து யூரியா தானாகவே கசிந்துகொண்டிருக்கும். பூட்டு எதுவும் இல்லை. ஐந்தாவது வாரத்தில் என் செடிகளின் அடியிலைகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. பல மாதம் தாங்க வேண்டும் என்றால் மேலே பூச்சு உள்ள யூரியாதான் சரி.

மட்குகிறதா? ஒவ்வொரு பருவ முடிவிலும் கிளறிப் பார்த்தேன். இரண்டாம் வருடம் கொழகொழவென்று கிழிந்த துணுக்குகள் கிடைத்தன. மூன்றாம் வருடம் கையில் எதுவும் தட்டவில்லை. பக்கத்துத் தொட்டியில் போட்ட, எளிதில் மட்காத செயற்கைப் பொருளான அக்ரிலேட் குருணையோ தண்ணீர் ஊற்றினால் இன்றும் பளபளவென்று ஊதுகிறது. 'மாவுச்சத்துக் கலந்தது' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மாவுச்சத்தோடு அக்ரிலிக் இழையை ஒட்டிச் செய்யும் வகை 1970களிலேயே அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் வந்துவிட்டது. அதில் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்றுவிடும், அக்ரிலிக் இழை அப்படியே கிடக்கும்.

மட்குவதால் மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கிறது, அந்த வேலை எனக்குப் பரவாயில்லை. வரும் பருவத்தில் தக்காளிக்கு மட்டும் போடுவேன், அதுவும் தொட்டிக்கு ஒரு சிட்டிகை. மிளகாய்க்குக் கிடையாது.