பழைய சுவருக்கு எந்தப் பூச்சு?
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தாத்தா காலத்து வீட்டைப் பிள்ளைகளோடு குடியிருக்கத் தோதாக மாற்றும்போது முதல் கேள்வி உள்சுவர்ப் பூச்சுதான். சிமெண்ட் என்றால் ஒரு வாரம் தண்ணீர் விட்டால் போதும். கொத்தனாரும் உடனே கிடைப்பார். ஆனால் மண்சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சிமெண்ட் அதை எளிதில் வெளியே விடாது; உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாக விட்டுவிடும், சுவரோடு கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும். இறுகத்தான் வாரக்கணக்கில் ஆகும், வேலை தெரிந்த ஆளைத் தேட வேண்டும்.

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நான் சுண்ணாம்புதான் சொல்வேன். குளியலறைக்குப் புதிதாக எழுப்பும் சுவரா? சரி, சிமெண்டும் டைல்ஸும் இருக்கட்டும். ஒயர் பதிக்கச் சுவரில் எடுக்கும் காடியை (பள்ளத்தை) மட்டும் பூசுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். பூசிய பிறகு வெட்டிய என் மாமா, அத்தையிடம் இன்றும் திட்டு வாங்குகிறார்.