வைஃபை எக்ஸ்டெண்டர்: படம் பார்க்கச் சரி, வீடியோ காலுக்குக் கேபிள் வேண்டும்

ரவுட்டரின் வைஃபை சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் கருவிதான் எக்ஸ்டெண்டர். சுவர் பிளக்கில் செருகும் சாதாரண இரட்டை அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) எக்ஸ்டெண்டர், படம் பார்க்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். வீடியோ காலுக்கென்றால், கேபிள் இழுக்க வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

படம் ஓடும்போது அடுத்து வரப்போகும் காட்சிகள் முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்திருக்கும். இணைப்பு இரண்டு நொடி தடுமாறினாலும் திரையில் தெரியாது. வீடியோ காலில் அந்தக் கையிருப்பு கிடையாது. நேரம் தப்பி வரும் குரலைச் செயலி தூக்கிப் போட்டுவிடும். ஜூமில் இருவர் பேசும் 720பி காலுக்கு 1.2 எம்பிபிஎஸ் போதும், நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு 5 வேண்டும். ஆக, கால் உடைவது பெரும்பாலும் வேகக் குறைவால் அல்ல. எக்ஸ்டெண்டரோ வாங்கிய ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டு) மறுபடி காற்றில் அனுப்புகிறது. இரண்டும் ஒரே சேனலில் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட, முறைக்காகக் காத்திருப்பதால் தாமதம் ஏறி இறங்குவதுதான் வீடியோ காலைக் கெடுக்கும்.

பணம் கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள். கால் உடையும் இடத்திலேயே உட்கார்ந்து, ரவுட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) 100 பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறு சோதனை) அனுப்புங்கள், பிறகு இணையத்திலுள்ள கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு 100. முதலாவதே சில மில்லிநொடியிலிருந்து நூற்றுக்கணக்கில் தாவினால் கோளாறு வைஃபையில். முதலாவது நிதானமாக இருந்து இரண்டாவது தாவினால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால். எக்ஸ்டெண்டர் எதையும் சரிசெய்யாது. யாராவது கோப்பு ஏற்றும்போது மட்டும் தாவுகிறதா? ரவுட்டரில் எஸ்கியூஎம் வசதி (தரவு வரிசையில் தேங்காமல் பார்த்துக்கொள்வது) இருந்தால் இயக்கி, அப்லோட் வேகத்தை அளந்ததில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். செலவே இல்லை.

சிக்னலே எட்டாத அறையில் கொண்டுபோய் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பலவீனமான சிக்னலை வாங்கினால் பலவீனமானதைத்தான் திருப்பித் தரும். ரவுட்டர் சிக்னல் -65 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அளவு; -60 இதைவிட வலுவானது, -70 பலவீனமானது) குறையாத இடத்தில் செருகுங்கள். போனில் வைஃபை கோடுகள் நிறைந்திருப்பதை நம்பாதீர்கள். அவை எக்ஸ்டெண்டர் வரைக்குமான கணக்கு.

இதே கருவியை ரவுட்டரிலிருந்து கேட்5இ கேபிள் இழுத்து (100 மீட்டர் வரை தாங்கும்) அக்சஸ் பாயிண்ட் முறைக்கு (கேபிளில் வாங்கி வைஃபையாகத் தருவது) மாற்றினால் ஆளே மாறிவிடும். காற்றில் இரட்டை வேலை இல்லை. அந்த முறை இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்; ஈதர்நெட் துளை இருப்பது மட்டும் போதாது. துளை 100 எம்பிபிஎஸ் என்றாலும் காலுக்குத் தாராளம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டருக்கு 1, இதற்கு 6 அல்லது 11 என்று சேனலைப் பிரித்து, கால் பேசும் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். லேப்டாப் பழைய ரவுட்டரையே விடாமல் பிடித்துக்கொண்டால், இதற்கு வேறு வைஃபை பெயர் கொடுங்கள்.