அடிபட்ட பிறகு எது மீளும்? தகடு, ஃபைபர், கார்பன், பிளாஸ்டிக் பேனல்கள் ஒரு ஒப்பீடு

பழைய ஜீப்பின் பானெட்டும் முன் மட்கார்டுகளும் துருவேறி, இனி வெல்டிங் வைத்தால் பிடிக்காது என்ற நிலைக்கு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. அதே அளவில் புதுத் தகடு, கையால் அடுக்கிச் செய்த ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழையை ரெசின் என்ற இறுகும் பிசினில் நனைத்து அடுக்குவது; இனி ஃபைபர் என்றே சொல்கிறேன்), கார்பன் ஃபைபர். நான் ஃபைபர்கிளாஸ் எடுத்தேன். அதிலேயே சில வருடம் ஓட்டியாகிவிட்டது. நடுவில் ஒரு கேட் தூணில் இடித்து மட்கார்டில் விரிசல் விழுந்து, அதைச் சரிசெய்து, இன்னும் அதேதான் வண்டியில் இருக்கிறது. ஆகவே ஃபைபர் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். தகடு துருப்பிடிக்கும், மற்றவை பிடிக்காது. தகட்டில் ஒடுக்கு விழும், ஃபைபரில் விரிசல் விழும். கார்பன் எடை குறைவு, விலை அதிகம். சரி.

எடைக்காக மட்டும் ஃபைபருக்கு மாற நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இரும்புத் தகட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். மேட், அதாவது நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் கட்டிய விரிப்பு, வைத்து அடுக்கிய ஃபைபர்கிளாஸின் அடர்த்தி சுமார் 1.5. கேட்டவுடன் ஐந்து மடங்கு லாபம் என்று தோன்றும். ஆனால் வண்டித் தகடு 0.75 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஃபைபர் பானெட் அதிராமல், விளிம்பு உடையாமல் நிற்க 3 மில்லிமீட்டராவது வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்குத் தகடு 5.9 கிலோ, ஃபைபர் 4.5 கிலோ. கால்வாசி குறைகிறது, அவ்வளவுதான். எடைதான் உங்கள் கவலை என்றால் கார்பன் பக்கமே போங்கள்.

நான் ஃபைபர் எடுத்ததற்குக் காரணம் வேறு. அடி விழுந்தால் எவ்வளவு தூரம் சேதம் என்று கண்ணால் பார்க்க முடியுமா, பார்த்த சேதத்தை அதே பொருளை வைத்து அதே பலத்துக்குக் கொண்டுவர முடியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒருசேர ‘முடியும்’ என்று பதில் சொல்வது கையால் அடுக்கிய ஃபைபர்கிளாஸ் மட்டும்தான் என்பது என் கணிப்பு.

என் மட்கார்டையே எடுத்துக்கொள்கிறேன். வெளியே பெயிண்டில் ஒரு விரற்கடை நீள விரிசல், அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி சில மெல்லிய கோடுகள். அதை மட்டும் பார்த்தால் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்தால் முடிந்தது என்று தோன்றும். கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்ததால் ரெசின் தேன் நிறத்தில் தெரிந்தது. அடி விழுந்த இடம் மட்டும் அதற்குள் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு விரிசலைத் தாண்டி ஒரு உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது. ரெசின் நொறுங்கி, கண்ணாடி இழையை விட்டுப் பிரிந்த இடமெல்லாம் அப்படித்தான் வெளுக்கும். எதுவரை வெட்டி எடுக்க வேண்டும் என்பதைப் பேனலே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது.

ஃபைபர் ரிப்பேர் நிற்காது, திரும்பத் திரும்ப அதே இடத்தில் விடும் என்று பலர் சொல்வார்கள். அவர்கள் பார்த்த ரிப்பேர் பெரும்பாலும் பட்டி ரிப்பேராகத்தான் இருக்கும். பட்டியில் நீள இழை கிடையாது. விரிசலுக்கு மேல் பட்டியை அப்பினால் இழுவிசை முழுவதும் அந்த ஒரே கோட்டில்தான் விழும். வண்டி அதிர அதிர, பெயிண்டோடு சேர்ந்து அது மறுபடி வாய் பிளக்கும். அறுந்த இழைக்குப் பதில் புது இழை வைத்து, விசை ஒரு கோட்டில் விழாமல் அகலமாகப் பரவும்படி செய்தால்தான் ஒட்டு நிற்கும். அதற்குத்தான் சரிவு தேய்ப்பது. ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு அகலம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதாவது 3 மில்லிமீட்டர் பேனலில் விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர் தூரத்துக்குக் கத்தி முனை மாதிரி மெலிந்துகொண்டே வர வேண்டும். கிரைண்டரைக் கையில் பிடித்து அவ்வளவு நல்ல ஃபைபரைத் தேய்த்துத் தள்ள மனசு வராது. ஆனால் ஒட்டின் ஆயுள் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. வெளுப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, அசிட்டோன் வைத்துத் துடைத்து, பெரிய துண்டு மேட்டை அடியிலும் அதற்கு மேல் சிறியது சிறியதாகவும் அடுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலர் வைத்து உருட்டினேன். மேலே தேய்த்துச் சமப்படுத்தும்போது பெரிய அடுக்கின் இழை அறுபடாது என்பதால் அந்த வரிசை. பட்டி கடைசியில், மேடு பள்ளம் நிரப்ப மட்டும்.

ரெசினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்குப் பாலியெஸ்டர், எபாக்ஸி என்ற இரண்டு வகை ரெசின்தான் பேச்சு. காய்ந்த பாலியெஸ்டர் மேல் புது பாலியெஸ்டர் பிடிப்பதைவிட எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண மேட்டில் இழைகளைக் கட்டியிருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும்; எபாக்ஸியில் கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். எபாக்ஸி என்றால் நெய்த கண்ணாடித் துணி, பாலியெஸ்டர் என்றால் மேட், இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. அப்புறம், பாலியெஸ்டரை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம் போதும். ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். தேய்க்கும்போது மாஸ்க் இல்லாமல் நிற்கவே கூடாது.

இவ்வளவும் கையால் அடுக்கிய ஃபைபருக்கு. தொழிற்சாலையில் சூடான அச்சில் அழுத்திச் செய்யும் எஸ்எம்சி என்ற வகை தனி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 1953இல் வந்த முதல் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கையால் அடுக்கிய உடம்பு. அதே கார் பின்னாளில் எஸ்எம்சிக்கு மாறியது. எஸ்எம்சியில் சுண்ணாம்புத் தூள் நிரப்பியும், அச்சில் ஒட்டாமல் இருக்க உள்ளேயே ஒரு வழுக்குப் பொருளும் கலந்திருப்பார்கள். அதனால் சாதாரண பாலியெஸ்டர் அதில் சரியாகப் பிடிக்காது. இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி அல்லது யூரித்தேன் பசைதான் அதற்கு. ஒளியும் ஊடுருவாது, ஆகவே அந்த வெளுப்பு தரும் உதவியும் கிடையாது. கையில் இருப்பது எது என்று தெரியாமல் ரெசின் வாங்க வேண்டாம். உள்பக்கம் சொரசொரப்பாக, இழை தெரிந்தால் கையால் அடுக்கியது; இரண்டு பக்கமும் வழவழப்பாக, சாம்பல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் எஸ்எம்சி.

கார்பனை நான் என் கையால் ஒட்டியதில்லை, பிறர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. பலத்தில் அதற்குக் குறை சொல்ல முடியாது. என் தயக்கம் அது கறுப்பு என்பதில்தான். அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தாலும் மேலே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். காசால் தட்டிக்கொண்டே போய், ‘டிக்’ என்ற ஓசை ‘டொக்’ என்று மங்கும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டியிருக்கிறது. நல்ல ஒட்டுக்கு, காற்றை உறிஞ்சி அடுக்குகளை அழுத்தும் வேக்குவம் பையும் சூடும் வேண்டும். அழகுக்காக வாங்கியிருந்தால் நெசவுக் கோடு ஒட்டில் சேராது, பெயிண்ட் அடித்து மறைக்கத்தான் வேண்டும். அலுமினியக் கீலோடு நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவில் ஒரு கண்ணாடித் துணி அடுக்கு இருக்க வேண்டும். இன்னொன்று, கார்பன் பானெட் என்று விற்பவற்றில் பல, மேலே ஒரே ஒரு கார்பன் அடுக்கும் கீழே முழுக்க ஃபைபர்கிளாஸும்தான்.

பிளாஸ்டிக் பேனல், அதாவது சூட்டில் இளகும் வகை, தயாரிப்பாளரே செய்து கொடுத்தால்தான் உண்டு. பழைய வண்டிக்கு அது வழியில்லை. இருக்கிறவர்களுக்கு நல்ல பொருள்தான். பிஎம்டபிள்யூ ஐ3 2013இல் வந்தபோது உட்காரும் கூட்டைக் கார்பனிலும், அடிபடும் வெளித்தோலைப் பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள். சின்ன இடிக்குத் தானே நிமிரும். கிழிந்தால் அதே வகைப் பிளாஸ்டிக் குச்சி வைத்துச் சூட்டில் இணைக்கலாம். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை என்றால் அதற்கான பிரைமர் இல்லாமல் பெயிண்ட் உரிந்துவிடும்.

தகட்டை ஒதுக்கிவிட வேண்டாம். ஒடுக்கு எடுக்கும் டிங்கரிங் தெரிந்தவர்கள் அதிகம், நீள்வதால் அடியையும் வாங்கிக்கொள்ளும். மோதலைத் தாங்கும் பாகத்தில் நான் ஃபைபர் போட மாட்டேன். ஃபைபருக்கென்று பலவீனங்களும் உண்டு. போல்ட் துளையைச் சுற்றித்தான் முதலில் விடும். பெரிய வாஷர் போட வேண்டும், இறுக்கித் திருகக் கூடாது. சாதாரண பாலியெஸ்டர் சூட்டில் சற்று இளகும் என்பதால், கறுப்புப் பெயிண்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் உள்ளிருக்கும் இழையின் வரி பெயிண்டில் எழும்பும். புதுப் பேனலைச் சில வாரம் வெயில் காணவிட்டு, அப்புறம் பெயிண்ட் அடித்தால் அது பெருமளவு குறையும்.

வாங்கும்போது மேல் பளபளப்பைப் பார்க்காமல் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் கனம் ஒரே சீராக இருக்கிறதா, ரெசின் குளம் கட்டி நிற்கிறதா, ரெசின் படாத உலர்ந்த வெள்ளை இழை தெரிகிறதா, கீலும் பூட்டும் வரும் இடத்தில் உள்ளே இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். உள்பக்கத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால், பெயிண்ட் இல்லாமல் ஒன்று கொடுங்கள் என்று கேளுங்கள்.